பூஜ்யம் வந்தால் குவரியைத் தொடாதீர்கள்

தேடுபொறியில் பாலிகன் குவரி போட்டு, பதிலாகப் பூஜ்யம் வந்து நின்ற ஒரு ராத்திரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வீட்டுக்கே பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் வேலை. அடையாறு ஆற்றுக்கு வடக்கே ஒரு டெலிவரி மண்டலம். அதற்குள் எத்தனை கடைகள் என்று கேட்டால், ஒன்றுமே இல்லை என்கிறது எலாஸ்டிக்சர்ச். பிழைச்செய்தி கிடையாது, 200 என்று ஸ்டேட்டஸ் வேறு. கடைகள் இண்டெக்ஸில் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தாயிற்று. பாலிகனைத் திரையில் வரைந்தால் தி.நகரை அழகாகச் சுற்றி நிற்கிறது. மூன்று மணி நேரம் குவரியைத்தான் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால், கடைகள் அத்தனையும் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் மிதந்துகொண்டிருந்தன.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். பாலிகன் தேடலில் பூஜ்யம் வந்தால், குவரியைக் கடைசியில்தான் திறப்பேன். முதலில் புள்ளிகள், அடுத்து மேப்பிங், அப்புறம் பாலிகன். இந்த அத்தியாயமும் அதே வரிசையில்தான் போகிறது. பிழைச்செய்தி வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அதைப் படித்தே பாதி வழி போய்விடலாம். சத்தமே இல்லாமல் தப்பான பதில் வரும்போதுதான் இந்தப் பக்கங்கள் தேவைப்படும்.

கையால் எழுதிய சதுரம்

சந்தேகத்துக்குரிய பாலிகனை ஓரமாக வைத்துவிடுங்கள். கண்ணை மூடினாலும் வழி தெரிந்த ஓர் ஊரில், ஒரு சதுரத்தைக் கையாலேயே எழுதுங்கள். நான் வைத்திருப்பது இது:

[[[80.20, 13.00], [80.30, 13.00], [80.30, 13.10], [80.20, 13.10], [80.20, 13.00]]]

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் இதற்குள் வரும். தாம்பரம் வராது. உங்கள் உண்மையான இண்டெக்ஸ் மேல் இந்தச் சதுரத்தை ஓட்டுங்கள். கடைகள் வந்தால் தரவு நன்றாக இருக்கிறது, கோளாறு அந்தப் பழைய பாலிகனில். வராவிட்டால் பாலிகனை இனி குற்றம் சொல்லாதீர்கள். புள்ளிகளிலோ மேப்பிங்கிலோதான் வில்லங்கம். பத்து நிமிடத்தில் பிரச்சினை பாதியாகிவிடும்.

அந்த ஒற்றை வரியை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். எண் ஜோடியில் 80 முதலில் நிற்கிறது, அதாவது தீர்க்கரேகை முன்னால், அட்சரேகை பின்னால். சதுரத்துக்கு நான்கு மூலைதான், ஆனால் ஐந்து ஜோடிகள்: கடைசி ஜோடி முதல் ஜோடியையே திரும்பச் சொல்லி வளையத்தை மூடுகிறது. ஆரம்பத்தில் சதுர அடைப்பு மூன்று. உள்ளே இருப்பது புள்ளி, அதற்கு வெளியே வளையம், அதற்கும் வெளியே பாலிகன். முதல் வளையம் வெளி எல்லை. அதற்குப் பின்னால் எத்தனை வளையம் வந்தாலும் அவையெல்லாம் ஓட்டைகள்.

இந்த ஓட்டை விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகத்தை ஒட்டி, மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். நான்கையும் ஒரே பாலிகனில் நான்கு வளையமாக எழுதினால், புதுச்சேரி எல்லையாகி மற்ற மூன்றும் ஓட்டையாகிவிடும். ஓட்டை வெளி எல்லைக்கு வெளியே நிற்கிறது என்று எந்திரம் புகார் சொன்னாலும் சொல்லும். எப்படியானாலும் காரைக்கால் கடைகள் வராது. இங்கே வேண்டியது மல்டிபாலிகன், அதற்கு அடைப்பு நான்கு. "எதற்கு வம்பு, நான்கையும் அடக்கி ஒரு பெட்டி போட்டுவிடலாம்" என்று ஒரு தம்பி செய்தார். மாஹேயிலிருந்து ஏனாம் வரை பெட்டி போட்டால் பெங்களூர், சென்னை, திருப்பதி மூன்றும் புதுச்சேரிக்குள் வந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, புதுச்சேரி நகரைச் சுற்றியுள்ள பகுதியே ஒரே துண்டு இல்லை. இடையிடையே தமிழகம் புகுந்து கிடக்கிறது. பாலிகன் நிரலைச் சோதிக்க இதைவிடக் கடுமையான தேர்வுத்தாள் தென்னிந்தியாவில் கிடையாது.

முன்னது பின்னது

ஆர்க்டிக் கடல் கதைக்கு வருவோம். எலாஸ்டிக்சர்ச்சில் ஒரு புள்ளியைப் பல விதமாகக் கொடுக்கலாம். காற்புள்ளி வைத்த சரமாகக் கொடுத்தால் "13.0827,80.2755", அட்சரேகை முதலில். அடைப்புக்குள் வரிசையாகக் கொடுத்தால் [80.2755, 13.0827], தீர்க்கரேகை முதலில். ஜியோஜேசனும் டபிள்யூகேடி எழுத்துமுறையும் தீர்க்கரேகையைத்தான் முன்னால் வைக்கும். கூகுள் மேப்ஸில் வலது சொடுக்கி நகலெடுத்தால் அட்சரேகை முன்னால் வரும். அதை அப்படியே சதுர அடைப்புக்குள் ஒட்டுகிறவர் கடையைக் கடலில் போடுகிறார்.

இதில் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சாபம் இருக்கிறது. அட்சரேகை 90-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. சிங்கப்பூர்க்காரர் இடம் மாற்றி எழுதினால் 103 என்பது அட்சரேகையாகப் போய் உட்காரும். உடனே எந்திரம் கத்தும். குவஹாத்தியிலும் அப்படியே, அங்கே தீர்க்கரேகை 91-ஐத் தாண்டிவிடுகிறது. சென்னை, மதுரை, கோவை, யாழ்ப்பாணம் எல்லாம் 76-க்கும் 81-க்கும் நடுவில். இடம் மாறினாலும் அது செல்லுபடியாகும் அட்சரேகைதான். எந்திரம் மறுபேச்சில்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. புள்ளிகளும் தலைகீழ், பாலிகனும் தலைகீழ். அப்போது பாலிகன் தேடல் பிசகில்லாமல் வேலை செய்யும், யாருக்கும் தெரியவே தெரியாது. ஒருநாள் யாராவது "5 கி.மீ. சுற்றளவுக்குள்" என்று தூரத் தேடல் சேர்ப்பார்கள். சென்னையில் தெற்கு வடக்காக 0.1 பாகை என்பது ஏறத்தாழ 11 கி.மீ. அதே 0.1, தலைகீழாகி 80-ஆம் அட்சரேகையில் கிழக்கு மேற்காகப் படுத்தால் 2 கி.மீ. கூட இல்லை. வேளச்சேரிக்காரருக்குப் புரசைவாக்கம் கடை பக்கத்துத் தெரு என்று காட்டும். பாலிகன் சரியாக வருகிறது என்பதாலேயே புள்ளிகள் சரி என்று நம்பாதீர்கள். நாலைந்து ஆவணங்களை எடுத்து வரைபடத்தில் போட்டுக் கண்ணால் பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போது சில கடைகள் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில் தெரியலாம். அது 0, 0. ஜிபிஎஸ் கிடைக்காத இடத்தில் செயலி பூஜ்யத்தை அனுப்பியிருக்கிறது என்று பொருள். எண்ணிக்கை குறைவாக வருவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

எண்கள் இரண்டு இலக்கமாகவே இல்லாமல், 4,21,000 என்றும் 14,46,000 என்றும் இருந்தால் அவை பாகைகளே அல்ல, மீட்டர்கள். சென்னை மையப் பகுதியின் யூடிஎம் 44-ஆம் மண்டல அளவு ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். அரசுத் துறைகள் தரும் ஷேப் கோப்புகளில் இது சகஜம். க்யூஜிஐஎஸ் மென்பொருளில் திறந்து, இபிஎஸ்ஜி 4326-க்கு மாற்றிச் சேமித்த பிறகே இண்டெக்ஸ் பக்கம் வாருங்கள்.

மேப்பிங்

எலாஸ்டிக்சர்ச் பல ஃபீல்டுகளின் வகையைத் தானே ஊகித்துக்கொள்ளும். இடத்தை மட்டும் ஊகிக்காது. நீங்கள் முன்கூட்டியே ஜியோ-பாயிண்ட் அல்லது ஜியோ-ஷேப் என்று சொல்லாவிட்டால், எண் ஜோடியை இரண்டு வெறும் தசம எண்களாகவும், சரத்தை வெறும் எழுத்தாகவும் எடுத்துவைக்கும். பின்னால் மேப்பிங்கை மாற்றலாம் என்றால் விடாது. புது இண்டெக்ஸ் போட்டு ரீஇண்டெக்ஸ் செய்வது ஒன்றுதான் வழி.

வழக்கமாக இதற்குப் பிழைச்செய்தி வரும். வராமல் போவது இரண்டு இடங்களில். ஒன்று, குவரியில் யாரோ இக்னோர்-அன்மேப்டு என்பதைப் போட்டு வைத்திருப்பார்கள். ஃபீல்டே இல்லாவிட்டாலும் மௌனமாகப் பூஜ்யம். மற்றது, மாதத்துக்கு ஓர் இண்டெக்ஸ் வைத்து எல்லாவற்றையும் சேர்த்துத் தேடுகிற அமைப்பு. பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாதத்துக்கு மட்டும் மேப்பிங் தவறியிருந்தால், அந்த மாத இண்டெக்ஸின் துண்டுகள், அதாவது ஷார்டுகள், தோற்கும், மற்றவை பதில் தரும், மொத்தத்தில் 200 என்று வரும். பதிலின் தலைப்பகுதியில் தோற்ற ஷார்டுகள் எத்தனை என்று ஓர் எண் இருக்கிறது. அதைப் படிக்கும் பழக்கம் உள்ள புரோகிராமரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இக்னோர்-மால்ஃபார்ம்டு என்ற இன்னொரு வசதியும் இந்த ரகம்தான். கோணலான இடத்தகவல் வந்தால் அதை மட்டும் கைவிட்டு, ஆவணத்தை ஏற்றுக்கொள்ளும். கடையின் பெயரைத் தேடினால் கிடைக்கும், இடத்தைத் தேடினால் கிடைக்காது. கைவிடப்பட்ட ஃபீல்டுகளின் பெயர் ஆவணத்திலேயே இக்னோர்டு என்ற உள் ஃபீல்டில் பதிவாகிறது. அதில் உங்கள் ஃபீல்டைத் தேடினால் விட்டுப்போனவை எத்தனை என்று தெரிந்துவிடும்.

உடுக்கை, வலஞ்சுழி, தேதிக்கோடு

சதுரம் வேலை செய்து, உங்கள் பாலிகன் மட்டும் அடம் பிடித்தால் இங்கே வாருங்கள்.

வளையம் மூடவில்லை என்ற செய்திதான் அதிகம் வருவது. முதல் ஜோடியைக் கடைசியில் ஒட்டினால் முடிந்தது. கோயர்ஸ் என்ற தேர்வை இயக்கினால் எந்திரமே மூடிக்கொள்ளும் என்பார்கள். நான் இயக்குவதில்லை. மூடாத வளையம் என்றால் பாதி நேரம் கோப்பு நடுவிலேயே அறுந்து வந்திருக்கிறது. அதை மூடிக்கொடுத்தால் அரை மாவட்டம் காணாமல் போகும், யாருக்கும் தெரியாது.

அடுத்தது, தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் பாலிகன். நம் சதுரத்தின் மூலைகளை வரிசை மாற்றி எழுதிப் பாருங்கள்:

[[[80.20, 13.00], [80.30, 13.10], [80.30, 13.00], [80.20, 13.10], [80.20, 13.00]]]

காகிதத்தில் வரைந்தால் படுக்கவைத்த உடுக்கை தெரியும். நடுவில் கோடுகள் குறுக்கே வெட்டுகின்றன. எது உள், எது வெளி என்று எந்திரத்தால் தீர்மானிக்க முடியாது. காரணம், இன்றைய எலாஸ்டிக்சர்ச் ஒரு வடிவத்தை இண்டெக்ஸில் போடும்போது அதை முக்கோணங்களாக வெட்டி வைக்கிறது. உடுக்கையை அப்படி வெட்ட முடியாமல் நிறுத்திவிடுகிறது. பிழைச்செய்தியில் வெட்டும் இடத்தின் ஆயத்தொலைவு இருந்தால், நேரே அந்த இடத்துக்குப் போங்கள். மக்கள் விரலால் வரைந்த மண்டலங்களில் இது ஏராளம். தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்போது விரல் கொஞ்சம் தாண்டிவிடும், கடுகளவு உடுக்கை ஒன்று மூலையில் பிறந்துவிடும். போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளம் கையில் இருந்தால் அதன் மேக்வேலிட் செயல்கூறு பெரும்பாலானவற்றைச் சரிசெய்யும். செய்தபின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், சில நேரம் நோயோடு கையையும் வெட்டிவிடும்.

சுற்றும் திசை பற்றி நிறையப் பேர் அநாவசியமாகக் கவலைப்படுகிறார்கள். 2016-இல் வந்த ஜியோஜேசன் தரநிலை, வெளி வளையம் இடஞ்சுழியாக இருக்க வேண்டும் என்கிறது. கோயில் பிராகாரத்தை வலம் வருகிறோமே, அதற்கு நேர் எதிர்த் திசை. ஓட்டைகள் வலஞ்சுழி. ஆனால் எலாஸ்டிக்சர்ச்சைப் பொறுத்தவரை, பாலிகனின் கிழக்கு மேற்கு அகலம் 180 பாகைக்குக் குறைவாக இருந்தால் திசை எதுவானாலும் ஒன்றுதான். தமிழ்நாட்டையோ இந்தியாவையோ எந்தப் பக்கம் சுற்றினாலும் பதில் மாறாது. ஃபிஜி மாதிரி 180-ஆம் தீர்க்கரேகை ஊடே ஓடும் நாட்டுக்குத்தான் வம்பு: ஒரு முனை 177, மறுமுனை -178. திசை தவறினால், அந்தச் சின்னத் தீவுக்கூட்டத்தை விட்டுவிட்டு, உலகை மறுபக்கமாகச் சுற்றிவந்த பட்டை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அங்கே பாலிகனைத் தேதிக்கோட்டில் இரண்டாக வெட்டி மல்டிபாலிகன் ஆக்குங்கள். தரநிலையும் அதையே சொல்கிறது.

கோடு நேர்க்கோடுதானா என்பதும் ஒரு கேள்வி. எலாஸ்டிக்சர்ச் இரண்டு புள்ளிகளை இணைக்கும்போது தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடாக எடுத்துக்கொள்கிறது. போஸ்ட்ஜிஐஎஸ்-இன் ஜியோகிராஃபி வகை, பூமியின் வளைவில் மிகக் குறுகிய பாதையாக எடுத்துக்கொள்கிறது. ஒரு நகரத்துக்குள் இந்த வேறுபாடு தெரியாது. அமெரிக்க-கனடா எல்லையில் 49-ஆம் அட்சரேகையை ஒட்டிய நீளத்தை வெறும் இரண்டு முனைப் புள்ளிகளால் எழுதிப் பாருங்கள்: முதலாவதில் கோடு 49-இலேயே ஓடும், இரண்டாவதில் நடுவில் ஏறத்தாழ 95 கி.மீ. வடக்கே வளைந்துவிடும். இரண்டு அமைப்புகளும் வேறு வேறு பதில் தருகின்றனவே என்று குழம்பினால், நீளமான விளிம்புகளில் இடைப் புள்ளிகளைச் சேருங்கள்.

யாருக்குள் யார்

இப்போதுதான் குவரி. ஜியோ-ஷேப் குவரியில் உறவு என்று ஒன்று உண்டு. எதுவும் சொல்லாவிட்டால் இன்டர்செக்ட்ஸ், அதாவது தொட்டாலே போதும். வித்தின் என்றால், ஆவணத்தில் உள்ள வடிவம் நீங்கள் கொடுத்த பாலிகனுக்குள் முழுக்க அடங்க வேண்டும். கன்டெய்ன்ஸ் இதற்குத் தலைகீழ். "இந்த மண்டலத்தில் எந்தெந்தக் கடைகள்" என்று கேட்கும்போது ஆவணம் கடை, கேள்வி பாலிகன். "இந்த வாடிக்கையாளர் எந்த மண்டலத்தில்" என்று கேட்கும்போது ஆவணம்தான் பாலிகன், கேள்வி வெறும் புள்ளி. முதல் கேள்விக்கு எழுதிய வித்தினை இரண்டாவதுக்கு அப்படியே நகலெடுத்தால், ஒரு முழு மண்டலம் ஒரு புள்ளிக்குள் அடங்குகிறதா என்று கேட்கிறீர்கள். பூஜ்யம்தான் வரும், அது சரியான பதிலும்கூட. மல்டிபாலிகன் ஆவணங்களில் வித்தின் கேட்டால் எல்லாத் துண்டுகளும் உள்ளே இருக்க வேண்டும்: காரைக்கால் உள்ளே இருந்தும் மாஹே வெளியே இருந்தால் புதுச்சேரி வராது.

பழைய நிரல்களில் ஜியோ-பாலிகன் என்ற தனிக் குவரியைப் பார்ப்பீர்கள். 7.12 பதிப்பிலேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். புதிதாக எழுதுவதானால் ஜியோ-ஷேப் குவரியையே எழுதுங்கள், ஜியோ-பாயிண்ட் ஃபீல்டுக்கும் அதுவே போதும்.

சோலர்காரர்களுக்கு

சோலர் என்ற இன்னொரு தேடுபொறியில் வேறு இரண்டு கண்ணிகள். ஆர்பிடி வகை ஃபீல்டில் பாலிகன் கொடுக்க வழக்கமாக ஜேடிஎஸ் என்ற ஜாவா நூலகம் வேண்டும். அது சோலரோடு சேர்ந்து வராது, நீங்கள்தான் கொண்டுவந்து வைத்து ஃபீல்டு வகையிலும் குறிப்பிட வேண்டும். வட்டம், பெட்டி எல்லாம் வேலை செய்து பாலிகன் மட்டும் புரியவில்லை என்றால் இதுதான்.

மற்றது எல்லையோரப் பிசிறு. இந்த ஃபீல்டு, வடிவத்தைக் கட்டங்களாக நிரப்பி ஏறத்தாழத்தான் வைத்துக்கொள்கிறது. எவ்வளவு ஏறத்தாழ என்பதைத் தீர்மானிக்கும் அளவு வழக்கமாக 0.025, அதாவது வடிவத்தின் மையத்திலிருந்து மூலை வரையுள்ள தூரத்தில் இரண்டரை சதவீதம். தெரு அளவு மண்டலத்தில் அது சில மீட்டர், மையத்திலிருந்து மூலை வரை 100 கி.மீ. உள்ள பகுதியில் இரண்டரை கி.மீ. எல்லைக்கு அந்தப்பக்கம் உள்ள ஊர் உள்ளே வருகிறதே என்றால் இந்த எண்ணைக் குறையுங்கள், அல்லது அசல் வடிவத்தையும் சேர்த்து வைத்துச் சரிபார்க்கும் ஃபீல்டு வகைக்கு மாறுங்கள். எலாஸ்டிக்சர்ச்சிலும் 6.6-க்கு முந்தைய இண்டெக்ஸ்களில் இதே கதைதான்.

தேடல் ஆமையாக நகர்ந்தால்

பெரும்பாலும் பாலிகனில் புள்ளிகள் அதிகம். கடற்கரை மாவட்டம் ஒன்றை நுணுக்கமாக வரைந்தால் பல ஆயிரம் புள்ளிகள் சேரும். ஒவ்வொன்றிலும் பதினைந்து தசம இலக்கம் வேறு. ஆறு தசமமே 11 செ.மீ. துல்லியம், அதற்கு மேல் வைப்பது வீண். க்யூஜிஐஎஸ்-இல் எளிமையாக்குங்கள், ஆனால் ஒவ்வொரு மாவட்டத்தையும் தனித்தனியாக எளிமையாக்காதீர்கள். பொது எல்லை இரண்டு பக்கமும் இரண்டு விதமாகக் குறைந்து, நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத சந்து விழும். எல்லாவற்றையும் சேர்த்து, பொது எல்லை குலையாமல் குறைக்கும் மேப்ஷேப்பர் மாதிரிக் கருவி வேண்டும். ஒரே பாலிகனைத் திரும்பத் திரும்பத் தேடுவதானால், அதை ஓர் ஆவணமாக இண்டெக்ஸில் வைத்து அதன் ஐடியை மட்டும் குவரியில் கொடுக்கலாம். சோலரில் பாலிகனை முகவரி வரியில் அனுப்பாதீர்கள், 8 கே.பி. வாக்கில் முட்டிக்கொள்ளும், போஸ்ட் முறையில் அனுப்புங்கள்.

எல்லாம் சரி, பதில் மட்டும் தப்பு

மேலே சொன்ன அத்தனையும் பார்த்தாயிற்று, சதுரமும் வேலை செய்கிறது, உங்கள் பாலிகனும் நோய்நொடியில்லாமல் இருக்கிறது. இருந்தும் சோழிங்கநல்லூர் கடைகள் சென்னை மாநகராட்சிக்குள் வர மறுக்கின்றன என்றால், கோப்பின் வயதைக் கேளுங்கள். 2011-இல்தான் மாநகராட்சி 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 சதுர கி.மீ.யாக விரிந்தது. அம்பத்தூரும் மாதவரமும் சோழிங்கநல்லூரும் அப்போது சேர்ந்தவை. மாவட்டக் கோப்புகளிலும் இதே கோளாறு உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. அந்தக் கணக்கெடுப்பின் எல்லைகளை வைத்துத் தேடினால் தென்காசி இன்னும் திருநெல்வேலியிலும், மயிலாடுதுறை இன்னும் நாகப்பட்டினத்திலும்தான் இருக்கும். எந்திரம் சொல்வது சரி. கோப்பை மாற்றுங்கள்.